பெல்லமி வீட்டின் ஆறு டிகிரி

வெர்னா ஹர்ட்டிலுக்குக் காலையில் கண் விழித்ததும் முதல் வேலை, செல்போனை எடுத்து வீடுகளைப் பார்ப்பது. கில்லன் முனையில் கடலைப் பார்த்தபடி நிற்கும் கோடை வீடுகளில் பாதிக்கு மேல் அவள் பொறுப்பில் இருந்தன. செப்டம்பர் கடைசியில் சொந்தக்காரர்கள் படகைக் கரையேற்றிவிட்டு, சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு, டொராண்டோவுக்கும் ஒட்டாவாவுக்கும் போய்விடுவார்கள். பிறகு ஜூன் வரை அந்தச் சாலையில் விளக்கு எரிவது அவள் வீட்டில் மட்டும்தான். கணவன் க்ளைட் விலகிப்போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. மகன் ஆல்பர்ட்டாவில் எண்ணெய் வயலில் வேலை பார்த்தான், கிறிஸ்துமஸுக்குப் பேசுவான். தினமும் தவறாமல் அவளுக்குச் சேதி சொன்னவை அந்த வீடுகள்தான். உள்ளே எத்தனை டிகிரி என்று ஒவ்வொரு வீட்டுத் தெர்மோஸ்டாட்டும் அவள் போனுக்குச் சொல்லிவிடும். குழாய்த் தண்ணீர் உறையாமல் இருக்கப் பத்து டிகிரி போதும். பத்து, பத்து, பத்து என்று வரிசையாக இருந்தால் அவள் நிம்மதியாக எழுந்து காபி போடுவாள்.

ஜனவரி கடைசியில் ஒரு நாள், பெல்லமி வீட்டில் ஆறு என்று இருந்தது.

அதற்குப் பக்கத்திலேயே துணை ஹீட்டர் ஓடுகிறது என்று சின்னதாக ஒரு சிவப்பு அடையாளம். ஹீட் பம்ப் என்பது வெளிக்காற்றில் இருக்கிற கொஞ்சநஞ்சச் சூட்டை இழுத்து வீட்டுக்குள் தள்ளுகிற யந்திரம். குளிர் மிஞ்சிப்போய் அதனால் முடியாதபோது, காற்றுக்குழாய்க்குள் இருக்கும் மின்கம்பிச் சுருள்கள் பழுக்கக் காய்ந்து கைகொடுக்கும். அதுவும் ஓடுகிறது, வீடும் ஆறிலேயே நிற்கிறது என்றால் ஏதோ பெரிய கோளாறு. வெர்னா காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பெல்லமி வீடு சாலையின் கடைசியில், பாறைமேட்டில் இருந்தது. வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு முதலில் பக்கவாட்டுக்குப் போய் யந்திரத்தைப் பார்த்தாள். மேலே லேசாகப் பனி பூத்திருந்தது, அவ்வளவுதான். விசிறி நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக் கட்டியாகி அடைத்துக்கொண்டிருக்கும் என்று சுத்தியலோடு வந்தவளுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

கதவைத் திறந்தாள். அனல் முகத்தில் அடித்தது.

ஆறு டிகிரி வீடு இப்படியா இருக்கும்? கோட்டைக் கழற்ற வேண்டியிருந்தது. கூடத்துச் சுவரில் இருந்த தெர்மோஸ்டாட் எட்டு என்று காட்டியது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்பது ஆனது. காற்றில் காபி வாசனை வந்த மாதிரி இருந்தது. தன் சட்டையில் சிந்தியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். போனை எடுத்து ராய்ஸ் மோஷரைக் கூப்பிட்டாள்.

ராய்ஸ் அந்தக் கரையோரம் பூராவுக்கும் ஹீட் பம்ப் மெக்கானிக். பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பின்பெஞ்சு. குளிர்காலத்தில் அவன் நேரில் வருவதென்றால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். போனில் மட்டும் எப்போதும் கிடைப்பான்.

"சொல்லு தாயே, இன்னைக்கு எந்த வீடு அழுவுது?"

"பெல்லமி வீடு. வீடு வெந்துகிட்டு இருக்கு ராய்ஸ். தெர்மோஸ்டாட்டு மட்டும் குளிருது குளிருதுங்குது."

"கரண்ட் பிரேக்கர் விழுந்திருக்கா?"

"இல்ல. ஃபில்டரும் சுத்தமாத்தான் இருக்கு. அவசரச் சூடுன்னு ஒரு பட்டன் இருக்குமே, அதையும் யாரும் அமுக்கல."

"அப்ப யந்திரம் பொழைச்சுக்கும், மூளைதான் குழம்பியிருக்கு. சுவத்துல அந்தப் பொட்டிக்குப் பின்னாடி வயர் வர்ற ஓட்டை இருக்கும் பாரு. அது வழியா சுவருக்குள்ள இருக்கிற குளிர்காத்து நேரா சென்சார் மேல ஊதும். வீடு பூரா கொதிச்சாலும் அது மட்டும் நடுங்கிகிட்டு இருக்கும். அது அளக்குற சூட்டுக்கும் நாம கேட்ட அளவுக்கும் நடுவுல நாலு டிகிரி வித்தியாசம்னா துணை ஹீட்டர் தானா ஓட ஆரம்பிச்சிரும். கழட்டி ஓட்டைய அடைச்சிரு."

"கழட்டலாமா? பூட்டு போட்டிருக்கே. நம்பர் ஃபிலிப்பாகிட்டதான் இருக்கு."

"அது அளவை மாத்தாம இருக்கிறதுக்குப் போட்ட பூட்டு. பொட்டியக் கழட்ட எதுக்கு நம்பர்? வெடுக்குனு இழு, வந்துரும்."

ஃபிலிப்பா, டாக்டர் கான்ராட் பெல்லமியின் மகள். ஒட்டாவாவில் இருந்தாள். போன கோடையில் வந்த விருந்தாளிகள் தெர்மோஸ்டாட்டைத் திருகித் திருகி விளையாடியதில் எரிச்சலாகிப் பூட்டுப் போட்டவள். டாக்டருக்கு மனைவி இறந்த பிறகு வீட்டு விவகாரமெல்லாம் அவள் கையில்தான். டாக்டர் ஒட்டாவாவிலேயே ஒரு முதியோர் விடுதியில் இருந்தார். இந்தக் குளிருக்கு மட்டும், மேற்குக் கரையில் அவ்வளவாகப் பனி விழாத விக்டோரியாவில், தன் அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று ஃபிலிப்பா சொல்லியிருந்தாள்.

வெர்னா பெட்டியைக் கழற்றி, ஓட்டையில் சுவர் அடைக்கும் பட்டிக் களிம்பைத் திணித்து, திரும்ப மாட்டினாள். ராய்ஸ் இன்னொரு வீட்டு வாசலில் நிற்கிறான் என்று தெரிந்தும், அவன் மனைவியின் முழங்கால், ஊர் நடுவில் மூடிய கடை என்று நாலு வார்த்தை இழுத்துப் பேசிவிட்டுத்தான் போனை வைத்தாள். அதற்குள் தெர்மோஸ்டாட் பதினாறுக்கு வந்திருந்தது. வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலையில் மறுபடி ஆறு.

அன்று ஃபிலிப்பாவே கூப்பிட்டாள். அவள் போனிலும் அந்த எண் தெரியும்.

"வெர்னா, பைப் வெடிச்சிருச்சுன்னா மாடித் தளம் பூரா போயிடுமே. என்னன்னு பாருங்களேன்."

"பாத்துகிட்டுத்தான் இருக்கேன். வீடு சூடாத்தான் இருக்கு, பயப்படாதீங்க. அளக்கிறதுலதான் என்னமோ தப்பு."

வெர்னா இந்த முறை ஒரு சாதாரணக் கண்ணாடித் தெர்மாமீட்டரையும் எடுத்துப் போனாள். அதைத் தெர்மோஸ்டாட் பக்கத்தில் தொங்கவிட்டுக் காத்திருந்தாள். தெர்மாமீட்டர் இருபத்தொன்று. தெர்மோஸ்டாட் ஏழு. ஒரே சுவர், நடுவில் ஒரு கை அகலம்கூட இல்லை. பெட்டிக்குக் கீழே சுவர்க் காகிதத்தைத் தடவிப் பார்த்தாள். நனைந்திருந்தது.

"ஈரமா?" என்றான் ராய்ஸ் போனில். "அந்தச் சுவருக்குள்ள பைப் எதுவும் கிடையாதே. நான்தானே வயர் இழுத்தேன்."

"அப்ப சுவரு அழுவுதா?"

"உன்னப் பாத்தா எனக்கே அழுகைதான் வருது. கொஞ்சம் பொறு, அடுத்த வாரம் வர்றேன்."

அவள் சமையலறை வழியாகப் பின்கட்டுக்குப் போனாள். கதவுக்கு வெளியே மரத்தளத்தில் முழங்கால் உயரத்துக்குப் பனி. யாரும் நடந்த தடம் இல்லை. ஆனால் கதவை ஒட்டி, கை எட்டுகிற தூரத்தில், பனி கிண்ணம் கிண்ணமாகக் குழிந்திருந்தது. யாரோ உள்ளே நின்றபடியே குனிந்து அள்ளிய மாதிரி. ஒரு குழி பழசு, விளிம்பு மழுங்கியிருந்தது. இன்னொன்று புத்தம் புதுசு.

வெர்னா சத்தம் போடாமல் முன்கதவு வழியாக வெளியே வந்து, வண்டியில் ஏறிக் கதவுகளைப் பூட்டிக்கொண்டாள். போலீசைக் கூப்பிட விரல் போனது. ஆனால் என்னவென்று சொல்வது? திருட வந்தவன் எதையும் எடுக்கவில்லை, பனியைத்தான் அள்ளுகிறான் என்றா? வீட்டுக்குப் போய் அடுப்பில் விறகு போட்டுவிட்டு நெடுநேரம் யோசித்தாள். அவளைப் பயமுறுத்தியதைவிட வேறொன்று அவளை அதிகம் உறுத்தியது. இத்தனை நாளும் இந்தச் சாலையில் தான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தாளே, அப்படி இல்லையோ?

மறுநாள் வண்டியைத் தன் வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டு, மரங்களை ஒட்டியே நடந்து போனாள். கையில் சுத்தியல். சாவியை ஓசைப்படாமல் திருகினாள்.

கூடத்தில், தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே நாற்காலி போட்டு, டாக்டர் பெல்லமி உட்கார்ந்திருந்தார். இரண்டு ஸ்வெட்டர், மடியில் கம்பளி, கையில் மத்தி மீன் டப்பாவும் முள்கரண்டியும். அவர் தலைக்கு மேல் தெர்மோஸ்டாட்டில் துணிக் கிளிப் போட்டு ஒரு ரொட்டிப் பை தொங்கியது. பை நிறையப் பனி. சொட்டுச் சொட்டாகச் சுவரில் வழிந்துகொண்டிருந்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். டாக்டர் முள்கரண்டியை டப்பாவில் வைத்தார்.

"வண்டிச் சத்தமே கேக்கலையேம்மா" என்றார், ஏமாற்றப்பட்டவர் மாதிரி.

"டாக்டர்! நீங்க விக்டோரியால இல்ல இருக்கீங்க?"

"ஆமா, அப்படித்தான் எல்லாரும் நினைச்சுகிட்டு இருக்காங்க. அந்தச் சுத்தியலக் கீழ வை."

வெர்னா சுத்தியலை வைக்கவில்லை. கோபம் வந்தது. "மூணு நாளா அந்த மெஷின் உங்களால மாரடிச்சுகிட்டு இருக்கு தெரியுமா? வீடு சூடாயிருச்சுன்னு அதுக்கு எப்படித் தெரியும், நீங்க தலையில ஐஸ் வெச்சுகிட்டே இருந்தா? பம்ப்பும் ஓடுது, துணை ஹீட்டரும் ஓடுது, நான் ஒருத்தி ஓட்டைய அடைச்சுகிட்டு அலையறேன்!"

"நல்லாத்தான் அடைச்ச. மாடியில அலமாரிக்குள்ள இருந்து எல்லாத்தையும் கேட்டுகிட்டுத்தான் இருந்தேன்" என்றார் அவர். "என்ன பண்ணச் சொல்ற? பத்து டிகிரில பூட்டிட்டா. எனக்கு நம்பர் தெரியாது. கேட்டா எங்க இருக்கேன்னு தெரிஞ்சிரும். முதல்ல கோட்டைப் போட்டுகிட்டுத்தான் இருந்தேன். அப்புறம் தோணிச்சு. நாப்பது வருஷம் பல்லு புடுங்கினவன் நான். ஒரு எடத்துல ஐஸ் வெச்சா அது மட்டும்தான் மரத்துப்போகும், மத்த உடம்பு சும்மாத்தான் இருக்கும்."

வெர்னாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல், கூடத்து நடுவில் நின்று சிரித்தாள். சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் தோன்றியது. அதனாலேயே சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

ஜனவரியின் முதல் பெரும்பனிக்கு முன், புத்தாண்டு கழிந்த கையோடு, அவர் டாக்சி பிடித்து வந்து இறங்கியிருக்கிறார். நாலு அட்டைப்பெட்டி நிறைய டப்பா உணவு. கடலைப் பார்த்த பின்னறையில் படுக்கை, அங்கே விளக்குப் போட்டால் சாலைக்குத் தெரியாது.

"ஏன் டாக்டர்? விடுதியில நல்லாத்தானே பாத்துக்கறாங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "ரொம்ப நல்லா பாத்துக்கறாங்க. முந்நூறு பேரும்மா அங்க. சாப்பாட்டு மேசையில எட்டுப் பேரு. காலையில பந்து வீசற வெளையாட்டு, மத்தியானம் பாட்டு. அத்தனை பேரு நடுவுல இருக்கிறப்ப, அவ இல்லங்கிறது மட்டும்தான் எனக்குத் தெரியுது. இங்க யாருமே இல்ல. யாரும் இல்லாத எடத்துல ஒருத்தி இல்லாம இருக்கிறது கொஞ்சம் பொறுத்துக்க முடியுது. உனக்குப் புரியாது."

வெர்னா பனிப்பையைக் கழற்றிக் கொண்டுபோய்த் தொட்டியில் கொட்டினாள்.

"மார்ச் முடியறவரைக்கும்" என்றார் அவர் பின்னாலிருந்து. "அதுக்கப்புறம் நானே போயிடறேன். ஃபிலிப்பாகிட்ட சொல்லாதே."

சொல்ல வேண்டியது அவள் கடமை. வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னவள் ஃபிலிப்பா. ஆனால் அன்று மாலை போனில் வெர்னாவின் வாயிலிருந்து வந்தது வேறு. சென்சார் பக்கத்துச் சுவரில் ஈரம் இருக்கிறது, காயும்வரை வீட்டைக் கொஞ்சம் சூடாக வைக்க வேண்டும், பூட்டு நம்பர் தந்தால் நல்லது என்றாள். சொல்லும்போது காது சிவந்தது. ஃபிலிப்பா நம்பரை ஒவ்வோர் இலக்கமாக, நிதானமாகச் சொன்னாள்.

அன்று ராத்திரியே வெர்னா போய் அந்த நம்பரை டாக்டரிடம் சொல்லி, எப்படி ஏற்றுவது என்று காட்டினாள். "ஒரேயடியா ஏத்தாதீங்க. ஒரு டிகிரி ஏத்துங்க, அது வந்து சேந்தப்புறம் இன்னொண்ணு. நாலு டிகிரி தாவினீங்கன்னா மறுபடி துணை ஹீட்டர் ஓட ஆரம்பிச்சிரும்."

"சரிங்க டீச்சர்" என்றார் டாக்டர்.

அதற்குப் பிறகு அவள் தினமும் போனாள். முதலில் பால், ரொட்டி, முட்டை கொண்டுபோகிற சாக்கு. பிறகு சாக்கு தேவைப்படவில்லை. மீன் சூப் இரண்டு பேருக்குச் சேர்த்து வைத்தாள். சூப் ஆனதும் சீட்டாடினார்கள், பலகையில் முளைக்குச்சி நகர்த்தி எண்ணுகிற ஆட்டம். அவர் கணக்கில் ஏமாற்றுவார், அவள் கண்டுபிடிப்பாள். வெளியே கடல் சாம்பல் நிறத்தில் கிடக்கும். மணிக்கணக்கில் பேசாமலும் இருப்பார்கள். கிளம்பும் முன் கண்ணாடியில் தலை வாருகிறோம் என்பதை ஒரு நாள் கவனித்து, வெர்னா தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். இது அந்த மாதிரி விஷயம் இல்லை. எண்பதை எட்டப்போகிற மனிதர். யாரோ ஒருவர் தன் காலடிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்பதுதான் அது.

"உனக்கு யாரும்மா இருக்கா?" என்று அவர் ஒரு முறை கேட்டார்.

"வீடுங்க இருக்கு" என்றாள் அவள், சீட்டைக் கலைத்தபடி.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபிலிப்பா அப்பாவுக்குப் போன் செய்வாள். அந்த நேரம் வெர்னா சமையலறைக்குப் போய்விடுவாள். ஆனாலும் காதில் விழும்.

"இங்க இப்பவே பூ வந்தாச்சு. ஆமா, குரோக்கஸ். பெரியப்பாவா? தோட்டத்துல இருக்கார், கூப்பிட்டா வரமாட்டார். குளிரா? ஒண்ணும் இல்ல, ஒரு சட்டையோட உக்காந்திருக்கேன்."

ஜன்னலுக்கு வெளியே பனிக்காற்று ஊளையிட்டுக்கொண்டிருக்கும். போனை வைத்ததும் அவர் சீட்டைக் கையில் எடுக்கக் கொஞ்ச நேரம் ஆகும்.

பிப்ரவரி முடிவில் ஒரு மாலை, வெர்னா வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது ஃபிலிப்பா கூப்பிட்டாள்.

"வெர்னா, அப்பா இப்பவும் காபிக்கு மூணு சர்க்கரை போடறாரா?"

வெர்னா ஒற்றைப் பூட்ஸோடு நின்றாள்.

"பரவாயில்ல, எதுவும் சொல்லாதீங்க" என்றாள் ஃபிலிப்பா. "நீங்க நம்பர் கேட்டீங்களே, அன்னைக்குப் பெரியப்பாவுக்குப் போன் பண்ணேன். உங்கப்பா இங்க வரவே இல்லையேன்னார். ராத்திரி பூரா தூங்கல. அடுத்த நாள் காலையில எழுந்து பாக்கறேன், ஏழு மணிக்கு வீடு பதினேழுலருந்து பதினெட்டாச்சு. அப்புறம் பத்தொம்பது. இருபது. மத்தியானம் தூங்கப் போறதுக்கு முன்னாடி மறுபடி எறங்கிச்சு. அம்மா இருந்தப்பவே அப்படித்தான். அவங்க ஏத்துவாங்க, இவர் எறக்குவார். இப்ப ரெண்டையும் அவரே பண்றார்."

"நான் பொய் சொன்னது தப்புதான்" என்றாள் வெர்னா.

"நானும்தான் தெரியாத மாதிரி இருக்கேன்."

"ஒரு பிளேன் ஏறி வந்திருக்கலாமே?"

"வந்தா என்ன ஆகும்? கூட்டிகிட்டு வரணும். கூட்டிகிட்டு வந்தா, விடுதியில உக்காந்துகிட்டு நல்லா இருக்கேம்மான்னு சொல்வார். போன்ல அவர் சொல்றது பூராவும் பொய் வெர்னா. அங்க இருந்தாலும் பொய், இங்க இருந்தாலும் பொய். இந்த நம்பர் மட்டும்தான் நெஜம். காலையில அது ஏறுச்சுன்னா எழுந்துட்டார்னு அர்த்தம். ஆபீஸ் போற பஸ்ல அதப் பாத்துட்டுத்தான் நான் கண்ண மூடுவேன். எனக்கும் வீட்ல வேற யாரும் இல்ல."

இந்தக் கடைசி வாக்கியத்தை அவள் அவசரமாகச் சொன்னாள். சொன்னதுக்கு வெட்கப்பட்டவள் மாதிரி உடனே, "அவர்கிட்ட சொல்லிடாதீங்க" என்று வைத்துவிட்டாள்.

ஆக, அப்பாவின் ரகசியமும் மகளின் ரகசியமும் வெர்னாவிடம் வந்து சேர்ந்தன. அவளுக்கு அது பாரமாக இருந்தது. டாக்டரோடு சீட்டாடும்போது, அவர் எழுந்து போய்த் தெர்மோஸ்டாட்டை ஒரு டிகிரி ஏற்றும் ஒவ்வொரு முறையும், எங்கேயோ ஒரு பஸ்ஸில் ஒரு பெண் அதைப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொள்வாள். சொல்லிவிடலாமா என்று வாய் வரை வரும். 'உங்க பொண்ணுக்குத் தெரியும், பேசுங்க' என்று ஒரு வரி. சொன்னால் என்ன ஆகும்? இருவரும் பேசிக்கொள்வார்கள். அல்லது அவர் வெட்கப்பட்டுப் பெட்டியைக் கட்டுவார், இந்தச் சாலை மறுபடி பழையபடி ஆகும். இரண்டாவதை நினைத்துத்தான் தன் வாய் மூடிக்கொள்கிறது என்பது அவளுக்கே நன்றாகத் தெரிந்திருந்தது.

மார்ச் இரண்டாவது வாரம், காலை. வெர்னா வேறொரு வீட்டில் கூரைப் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது.

"பதினேழுலயே நிக்குது" என்றாள் ஃபிலிப்பா. "மணி ஒம்பது ஆயிருச்சு வெர்னா. இன்னும் பதினேழுலயே நிக்குது."

வெர்னா ஏணியிலிருந்து எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. பெல்லமி வீட்டுக் கதவை மோதித் திறந்தாள். டாக்டர் சமையலறைத் தரையில், மேசைக் காலைப் பிடித்தபடி பக்கவாட்டில் கிடந்தார். முகம் வெளுத்திருந்தது. ஆனால் கண் திறந்திருந்தது.

"இடுப்பு" என்றார். "விடியக்காலையிலேயே விழுந்துட்டேன். தண்ணி குடிக்க வந்தேன்." பிறகு, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "பல்லு எதுவும் உடையல" என்றார்.

அவள் அவருக்குப் பக்கத்தில் தரையிலேயே படுத்து, கம்பளியை இருவருக்கும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் கையைத் தேய்த்துவிட்டாள். அவர் ஏதோ ஆட்டக் கணக்கை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இந்த முறை ஏமாற்றவில்லை.

அன்று இரவே ஃபிலிப்பா வந்து சேர்ந்தாள். நெடுநெடுவென்று, அப்பாவின் மூக்கோடு, கசங்கிய ஆபீஸ் உடையில். மறுநாள் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆஸ்பத்திரி நடைபாதையில் வெர்னாவும் அவளும் காகிதக் கோப்பைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். போனில் அவ்வளவு பேசியவர்களுக்கு நேரில் பேச்சே வரவில்லை. "அவரோட என்ன பேசுவீங்க?" என்று கடைசியில் ஃபிலிப்பா கேட்டாள். "அவ்வளவா பேச மாட்டோம்" என்றாள் வெர்னா. ஃபிலிப்பா தலையசைத்தாள். அந்தப் பதில் அவளுக்கு எங்கேயோ வலித்தது என்று தெரிந்தது.

மகள் ஆஸ்பத்திரி டாக்டர்களோடு பேசப் போயிருந்த நேரத்தில், படுக்கையிலிருந்து டாக்டர் வெர்னாவைக் கிட்டே கூப்பிட்டார்.

"போன வாரம்தான் வந்தேன்னு சொல்லிட்டேன் அவகிட்ட. விக்டோரியால இருந்து நேரா இங்க வந்தேன்னு. நம்பிட்டா. நீயும் அப்படியே சொல்லிடு. குளிர் பூரா தனியா இருந்தேன்னு தெரிஞ்சா தாங்கமாட்டா."

வெர்னா அவரைப் பார்த்தாள். சொல்ல இதைவிட நல்ல நேரம் வராது. அவர் கண்ணில் இருந்த கெஞ்சலைப் பார்த்ததும் மனம் வரவில்லை.

"சரி டாக்டர்" என்றாள்.

அன்று மாலை வாகன நிறுத்தத்தில் ஃபிலிப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "போன வாரம்தான் வந்தாராம். நான் நம்பிட்டேன்னு நினைச்சுகிட்டு இருக்கார். அப்படியே இருக்கட்டும் வெர்னா. நான் வேவு பார்த்தேன்னு தெரிஞ்சா அவருக்கு அவமானமா இருக்கும்."

"சரி" என்றாள் வெர்னா மறுபடியும்.

பத்து நாள் கழித்து அவர்கள் ஒட்டாவாவுக்குப் பறந்தார்கள். விமான நிலையத்தில் சக்கர நாற்காலியிலிருந்து டாக்டர் கையாட்டினார். ஃபிலிப்பா குனிந்து அவர் கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவர்கள் இருவரும் ஏதோ சொல்லிச் சிரித்த மாதிரி இருந்தது. என்னவென்று அவ்வளவு தூரத்தில் கேட்கவில்லை.

ஏப்ரல் முதல் வாரத்தில் ராய்ஸ் மோஷர் ஒருவழியாக நேரில் வந்தான். நரைத்த தாடி, முட்டியில் ஒட்டுப்போட்ட கால்சட்டை. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, சென்சாரைச் சோதித்து, வெளியே போய் யந்திரத்தைத் திறந்து பார்த்து, துணை ஹீட்டரை ஒரு முறை ஓடவிட்டு நிறுத்தினான். உதட்டைப் பிதுக்கினான்.

"இதுக்கு ஒண்ணுமே இல்ல. புது மெஷின் மாதிரி இருக்கு. ஆறு டிகிரின்னியே, அது என்னதான்?"

"தெரியல. தானா சரியாயிருச்சு."

"சுவரு ஈரம்?"

"அதுவும் காஞ்சிருச்சு."

ராய்ஸ் அவளை ஒரு மாதிரி பார்த்தான். பள்ளிக்கூட நாளிலிருந்தே அவள் பொய் சொன்னால் காது சிவக்கும் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் கேட்கவில்லை. கருவிகளைப் பெட்டியில் அடுக்கினான்.

"டீ போடறேன், குடிச்சிட்டுப் போயேன்" என்றாள் வெர்னா. "சீட்டாடத் தெரியுமா உனக்கு?"

"சீட்டா? தாயே, இருட்டறதுக்குள்ள இன்னும் ரெண்டு வீடு போகணும். இன்னொரு நாள் பாப்போம்" என்று சிரித்துவிட்டு அவன் வண்டியைக் கிளப்பினான். உருகிய பனிச் சேற்றில் சக்கரங்கள் வழுக்கி, பிடித்து, மேட்டிலிருந்து இறங்கிப் போயின.

அவள் உள்ளே வந்து, தெர்மோஸ்டாட்டைப் பத்தில் வைத்துப் பூட்டினாள். வீடு கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர ஆரம்பிக்கும் சத்தம், மரப்பலகைகளின் மெல்லிய முனகல், கூடத்தில் கேட்டது. சிறிது நேரம் நின்று கேட்டாள். பிறகு கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு, கதவைப் பூட்டிவிட்டு, பக்கத்து வீட்டைப் பார்க்க நடந்தாள்.